கணினி வந்தால் கணக்கு வந்துவிடுமா?

பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிய பேச்சில் ஒரு நம்பிக்கை தவறாமல் எழும்: கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத இடத்துக்குக் கணினியும் இணையமும் கொடுத்தால் குறை தீர்ந்துவிடும் என்று. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்தத் தரத்தில் இல்லை. அதனால் இந்த நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. சான்றுகள் அதற்குத் துணைநிற்கவில்லை என்பதுதான் வருத்தம். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 319 பாடசாலைகளில் ஆராய்ந்தவர்கள் 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணினிகள் பெருகியிருந்தன, கணிதப் பெறுபேறு உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கணினியே வீணா? அதுவும் தவறு. குஜராத்தின் வதோதரா நகரில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் 2 மணிநேரம், இருவருக்கு ஒரு கணினி என்று கணித விளையாட்டுகளில் பயின்றார்கள். கணிதப் புள்ளிகள் நன்றாகவே உயர்ந்தன. அதே மாநிலத்தின் ஞான்சாலா பாடசாலைகளில் ஆய்வாளர் லீ லிண்டன் கண்டது இன்னும் கூர்மையானது. ஆசிரியரின் பாடநேரத்தைக் கணினி பிடித்துக்கொண்டபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். பாடநேரத்துக்கு வெளியே மேலதிகமாக வந்தபோது முன்னேறினார்கள். ஞான்சாலாவில் ஒழுங்கான கற்பித்தல் இருந்தது, அதனால் இழப்பு தெரிந்தது. ஆசிரியரே இல்லாத தோட்டத்தில் இழக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வதோதராவிலும் கணினி தனியாக நிற்கவில்லை. ஐந்து நாள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் பக்கத்தில் இருந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு பொருந்தும் என்று பார்த்துக் கொடுத்தார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் பசறையிலும் மடுல்சீமையிலும் இந்த வேலையைச் செய்யலாம். திட்டம் நின்று ஓராண்டில் வதோதராவின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. திறப்பு விழாவோடு முடிகிற கணினி அறையால் பயனில்லை.

இணையம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது அடுத்த நம்பிக்கை. 2021இல் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுப் பாறைமேல் ஏறிய செய்தி உலகெங்கும் போனது. தொலைபேசிக் கோபுரம் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கணிதம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் (PhET) என்ற கணினி உருவகப் பயிற்சிகளையும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளையும் பதுளை நகரில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். பிறகு இணையம் தேவையில்லை. கரும்பலகையில் ஆசிரியர் ஐந்து கோடு வரைவதற்குள், படித்திறனைக் கூட்டியும் குறைத்தும் ஐம்பது கோடுகளை ஒரு மாணவி தானே திரையில் சாய்த்துப் பார்த்துவிடலாம். கோடு எப்போது கீழ்நோக்கிச் சாய்கிறது என்பதை அவளே கண்டுபிடிப்பாள். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தையும் திரை காட்டும். ஆனால் திரையில் தளர்ந்த கம்பியும் தீர்ந்துபோன மின்கலமும் தாமாக வருவதில்லை. மேசைமேல் உள்ள உண்மையான சுற்றில் மின்குமிழ் எரியாதபோது, எங்கே தேடுவது என்று கேள்வி கேட்டு வழிகாட்ட ஆசிரியர்தான் வேண்டும். கணினி அறை இருக்கிறதே என்று காட்டி ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதற்கு மேற்சொன்ன ஆய்வுகள் எதிலும் இடமில்லை.