பார்சல் காகிதமும் உரமாகும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பஜ்ஜிப் பொட்டலம், பலகாரக் கடை அட்டைப்பெட்டி எதையும் எரிக்காதீர்கள். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வந்தால் உரக்குழிக்கு ஆகாது. பேப்பர் கப் பெரும்பாலும் இந்த ரகம்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய கப்புக்குத் தடை. ஆனாலும் கண்ணில் படத்தான் செய்கிறது!

படலமில்லாத காகிதத்திலிருந்து ஸ்டேப்ளர் பின், டேப் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, சாணிக் கரைசலில் ஓர் இரவு ஊறவையுங்கள். காய்கறிக் கழிவு ஒரு பங்கென்றால், காகிதமும் சருகுமாக இரண்டு பங்கு. வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றமடித்தால் ஈரம் அதிகம். காய்ந்த சருகைக் கூட்டுங்கள். எண்ணெய் ஊறிய காகிதம் கொஞ்சமாகப் போதும். பிரியாணிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம், எலியும் நாயும் குழியைத் தோண்டிவிடும். மழைக்காலத்தில் மேலே தென்னங்கீற்று போட்டு மூடுங்கள்.