'கொஞ்ச நேரம்' ஆங்கிலத்தில் எத்தனை நேரம்?

"கொஞ்ச நேரம் உட்காருங்க." "கொஞ்ச நேரத்துல வந்துடுவார்." "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் கிளம்பினார்." தமிழில் இந்த ஒன்றை வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டிவிடலாம். மற்றதை உருபு பார்த்துக்கொள்ளும். ஆபீஸில் ஆங்கில மெயில் அடிக்க உட்காரும்போதுதான் கை நிற்கிறது. இந்த 'கொஞ்ச'த்துக்கு ஷார்ட் போடுவதா, பிரீஃப் போடுவதா, லிட்டிலா, ஸ்மாலா?

ஸ்மாலை முதலிலேயே கழித்துவிடுங்கள். 'ஸ்மால் டைம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது, ஆனால் அது நேரத்தைச் சொல்வதில்லை, ஆளைச் சொல்கிறது: சில்லறைத் திருடன், துக்கடா ரவுடி. ஆங்கிலக்காரர் கணக்கில் நேரத்துக்கு நீளம் உண்டு, பருமன் கிடையாது. அதனால் ஷார்ட் டைம், ஷார்ட் வைல், ஷார்ட் பிரேக்.

ஷார்ட்டும் பிரீஃபும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும். மீட்டிங்குக்கு எதைப் போட்டாலும் குற்றமில்லை. ஆனால் பிரீஃப் கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்ட சொல். அறிக்கையிலும் செய்தியிலும்தான் அதிகம் உட்காரும். பிரீஃப் விசிட், பிரீஃப் பாஸ், பிரீஃப் மொமெண்ட் என்பார்கள். 'வைல்' வீட்டுப் பேச்சுச் சொல் என்பதால் 'பிரீஃப் வைல்' காதில் இடறும். மொமெண்ட்டுக்கு ஒரு பழங்கதை உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தை 40 மொமெண்ட்டாகப் பிரித்தார்கள். இன்றைய கணக்கில் சராசரியாக 90 வினாடி. இப்போது அது அளவை இழந்து நம் 'கணம்' மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான பள்ளம் இந்த இரண்டின் வினையடைகளில் இருக்கிறது. 'தலைவர் ஷார்ட்லி பேசுவார்' என்றால் இன்னும் சற்று நேரத்தில் மைக்கைப் பிடிப்பார். 'பிரீஃப்லி பேசுவார்' என்றால் சுருக்கமாக முடித்துக்கொள்வார். முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். 'மொமெண்ட்டரிலி' இன்னும் மோசம். அமெரிக்கர் வாயில் அது 'இதோ இப்போது', பழைய பிரிட்டிஷ் வழக்கில் 'ஒரு கணம் மட்டும்'. விமானம் மொமெண்ட்டரிலி தரையிறங்கும் என்ற அறிவிப்பைக் கேட்டு, 'அப்படியானால் நாங்கள் எப்போது இறங்குவது?' என்று பிரிட்டிஷ்காரர் கேட்பதாக ஒரு பழைய ஜோக் உண்டு. இந்தச் சொல்லைத் தொடாமலே இருந்துவிடலாம் என்பது என் கட்சி.

லிட்டிலில் உயிர் இருப்பது முன்னால் நிற்கும் 'எ'யில். 'வீ ஹேவ் எ லிட்டில் டைம்' என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது, வாருங்கள் பேசலாம். அந்த 'எ'யை விட்டுவிட்டால் நேரமே இல்லை என்று கதவைச் சாத்துவதாகிவிடும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இந்த ஒற்றை எழுத்தை இரண்டு முறை பாருங்கள். 'எ ஃப்யூ மினிட்ஸ்', 'ஃப்யூ மினிட்ஸ்' இரண்டுக்கும் இதே கதைதான்.

வைலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லிட்டில் வைல், ஷார்ட் வைல் என்றால் கொஞ்ச நேரம்தான். ஆனால் 'க்வைட் எ வைல்' என்றால் ரொம்ப நேரம். 'இட்ஸ் பீன் எ வைல்' என்று நண்பர் சொன்னால், பார்த்து ரொம்ப நாளாச்சு என்கிறார்.

க்விக் நேரத்தோடு அல்ல, செயலோடு சேரும்: க்விக் கால், க்விக் லுக். 'க்விக் டைம்' என்றால் ராணுவ அணிவகுப்பின் நடைவேகம். 'ஜிஃப்பி' பேச்சோடு சரி, மெயிலில் வேண்டாம். கண் இமைக்கும் நேரம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றே; மாத்திரையை அளக்கத் தொல்காப்பியம் எடுத்துக்கொண்டதும் இமைப்பையும் விரல் நொடிப்பையும்தான்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது எண் வரும்போது. 'அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வந்தார்' என்பதை அப்படியே 'பிஃபோர் ஃபைவ் மினிட்ஸ்' ஆக்குகிறோம். அங்கே வேண்டியது 'ஃபைவ் மினிட்ஸ் அகோ'. 'இன் டென் மினிட்ஸ் வருகிறேன்' என்றால் கேட்பவர் பத்து நிமிடம் கழித்து எதிர்பார்ப்பார்; அதற்குள்ளாகவே வருவீர்கள் என்றால் 'விதின்' போடுங்கள். பத்து நிமிட இடைவேளை 'டென்-மினிட் பிரேக்'தான், மினிட்டுக்குப் பின்னால் 'ஸ்' கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஷார்ட்டா பிரீஃபா என்று கை நின்றால் இரண்டையும் விட்டுவிட்டு, 'பேக் அட் 3.40' என்று கடிகார நேரத்தைப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு இருக்கையில் இருக்க வேண்டியது உங்கள் பாடு.