குழந்தையின் நரம்பும் வீட்டுப் பாலும்

விடியற்காலையில் கறந்த பால் ஒரு சொட்டும் மிஞ்சாமல் சங்கத்துக்குப் போக, வீட்டுக் குழந்தை பாலில்லாத் தேநீரில் பிஸ்கோத்தை நனைத்து உண்பதைப் படப்பை வட்டாரத்தில் நாம் கண்டதுண்டு. பால் பணம் தீவனத்துக்கும் கடனுக்கும் வேண்டியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அப்பாலோடு வெளியேறிவிடும் பொருளொன்றைப் பற்றி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம். அது பி12 என்னும் ஜீவசத்து.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், பேக்கர் முதலிய மருத்துவர்கள் 1962-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினர். தாய்ப்பாலையே நம்பி வளர்ந்த குழந்தைகள் அவை. தாய்மாருக்கே பி12 குறைவாயிருந்தமையால் அவர்தம் பாலிலும் அச்சத்து குறைவாகவே இருந்தது. இந்நோய் கண்ட குழந்தை முன்பு சிரித்த முகத்தை மறக்கும், நின்ற தலை மீண்டும் சாயும், உட்கார்ந்தது உட்காராது. உடல் வெளுக்கும், விரற்கணுக்களில் கருமை படரும். சில குழந்தைகளுக்குக் கைகால்கள் நடுங்கும்; உறங்கும்போது அந்நடுக்கம் நின்றுவிடும். இவற்றுட் பல மெலிந்திருப்பதில்லை. கொழுகொழுவென்று இருப்பதால் "சாதுவான பிள்ளை" என்று வீட்டார் எண்ணிக் காலங் கடத்துவர். வருந்தத்தக்க பிழை இதுவே.

நரம்பிழையின் மேல் கொழுப்பாலாகிய மெல்லிய உறை ஒன்று உண்டு. செய்தி விரைந்து செல்வதற்கு அது வேண்டும். அவ்வுறை செவ்வனே அமைய பி12 தேவை. கஞ்சி ஏறாத பாவு தறியில் பிசிறெழுந்து அறுவதை நெசவாளர் அறிவர். ஆனால் அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டாண்டுகளில் நேர்ந்த குறையை எப்போதும் அப்படி முடிந்துவிட இயலாது.

இச்சத்தைச் செடிகொடிகள் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. மாட்டின் இரைப்பையில் அவை செய்வது பாலிலும் இறைச்சியிலும் சேர்கிறது. முருங்கைக்கீரையின் பெருமையைக் குறைக்க நமக்கு மனமில்லை. ஆனால் பி12 அதில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இவற்றில்தான் உண்டு. வளர்ந்தோர் ஈரலில் பல்லாண்டுக்குப் போதுமான இருப்பு இருக்கும். பிறந்த சிசுவுக்கோ தாய் தந்த இருப்பொன்றே முதல். ஆகையால் பாடம் கர்ப்பிணியின் தட்டிலிருந்து தொடங்குகிறது. அவளுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை இன்றியமையாததே. எனினும் அதில் பி12 கிடையாது. ஃபோலிக் அமிலம் மட்டும் சேர்ந்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்பின் கேடு உள்ளே தொடரலாம்.

சோறும் ரசமும் தவிர வேறெதையும் தொடாத பெரிய பிள்ளைகளிடத்தும் கவனம் வேண்டும். நாப்புண், கால் மரமரப்பு, தள்ளாட்டம், படிப்பில் திடீர் மந்தம் ஆகியன கண்டால் அதட்டாமல் மருத்துவரிடம் காட்டுக. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். பழம் நல்லதே, ஆனால் முட்டையிலுள்ள பி12 அதில் இல்லை. அப்பிள்ளைக்கு வீட்டில் பாலோ தயிரோ கட்டாயம்.

வேண்டிய அளவு மிகச் சிறிது. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் போதும். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவும், 200 மில்லி லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராமும் இருக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் உரிய பாலை எடுத்துவைத்த பின்னரே பால்கேன் வாசற்படி தாண்டட்டும். பாலும் புலாலும் அறவே விலக்கும் குடும்பத்தார் மருத்துவரைக் கேட்டு பி12 மருந்தாக உட்கொள்ள வேண்டும்.

நோய் கண்ட குழந்தைக்கு மருத்துவர் பி12 கொடுத்தால் சில நாட்களிலேயே அது நிமிர்ந்து பார்க்கத் தொடங்கும். அவ்வேளையில் சில குழந்தைகளுக்கு நடுக்கம் புதிதாகத் தோன்றுவதுண்டு. அதனைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவரிடமே மீண்டும் எடுத்துச் செல்க.