பழைய வொர்க்ஸ்டேஷனில் லினக்ஸ் போடும் முன்

ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் டெல் பிரிசிஷன், எச்பி இசட் வரிசை வொர்க்ஸ்டேஷன்கள் ரிச்சி தெருவிலும் மற்ற செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் கிடைக்கின்றன. தூக்கினால் கை வலிக்கும் கனம், ஆனால் உழைப்பு கெட்டி. இவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. லினக்ஸோ பிஎஸ்டியோ தாராளமாக ஓடும். மாடல் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வாங்கிவிடக் கூடாது. ஒரே மாடலில் இந்தப் பெட்டியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கும், பக்கத்துப் பெட்டியில் வேறொன்று இருக்கும். உள்ளே இருக்கும் சில்லுதான் கணக்கு.

1. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் லைவ் பென்டிரைவ் ஒன்றைச் செருகி பூட் செய்து பாருங்கள். டெபியனோ மின்டோ, எதுவானாலும் சரி. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். கடைக்காரர் "எல்லாம் ஒர்க் ஆவுது சார்" என்பார்; அவர் பார்த்தது விண்டோஸில். சவுண்ட் வருகிறதா, நெட்வொர்க் பிடிக்கிறதா, மானிட்டர் முழு ரெசல்யூஷனில் தெரிகிறதா, ஸ்லீப்பில் போட்டால் மறுபடி எழுகிறதா என்று நீங்களே பாருங்கள். ஸ்லீப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எழாமல் கறுப்புத் திரையோடு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராபிக்ஸ் டிரைவரை.

2. அதே லைவ் திரையில் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு '-என்என்' சேர்த்து அடியுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். முதலாவது தயாரித்த நிறுவனம், இரண்டாவது சில்லு. இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் 1002. திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, அந்த ஜோடி எண்ணை நெட்டில் தேடினால் எந்த டிரைவர் வேண்டும், எந்த கெர்னலிலிருந்து அது இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் பத்து விதமான பதில் வரும்.

3. வைஃபை டாங்கிளுக்கும் இதே விதிதான். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளை லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரஸ் சில்லு. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக். வெளியே அதே பெயர், அதே ஆன்டெனா. டாங்கிளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

4. நிறுவும்போது நெட் வரவில்லையா? ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் போட்ட நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன ஃபர்ம்வேரை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம். டெபியன் 12-இலிருந்து (2023) வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் பெரும்பாலும் இன்ஸ்டாலரோடே வருவதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

5. பிராசசர் 64 பிட்டா என்று கேட்டால் மட்டும் போதாது. ரெட் ஹேட் 9, அதன் வழிவந்த ஆல்மா 9, ராக்கி 9 ஆகியவை எஸ்எஸ்இ 4.2 போன்ற கட்டளைகளை எதிர்பார்க்கின்றன. இன்டெலில் அவை 2008-இல் வந்த நெஹாலம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. கோர் 2 டுவோவும் அந்தக் காலத்து ஜியானும் வாசலிலேயே நின்றுவிடும். ரெட் ஹேட் 10 இன்னும் கறார்: ஏவிஎக்ஸ்2 வேண்டும், அதாவது 2013-இன் ஹாஸ்வெல். ஆகவே 2012-இன் ஜியான் இ5-1620 போட்ட எச்பி இசட்420, வேலைக்குக் குறைவில்லாத மெஷினாக இருந்தும், இதில் தேறாது. ஆல்மாலினக்ஸ் 10 பழைய பிராசசர்களுக்கென்று தனிப் பதிப்பு தருகிறது. டெபியன் 13 இந்தக் கட்டளைகளைக் கேட்பதே இல்லை. எந்த 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசரிலும் ஏறும். என் ஓட்டு டெபியனுக்கு.

32 பிட் மெஷின் என்றால் வழி குறுகிவிட்டது. டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் இன்னும் கைவிடவில்லை. 1991-இல் லினக்ஸ் பிறந்ததே ஒரு 386 மெஷினில்தான். அந்த 386-ஐயே 3.8 கெர்னலில் வழியனுப்பிவிட்டார்கள் என்பதை நினைத்தால் மற்றவர்கள் குறைப்பட்டுக்கொள்ள இடமில்லை.

6. வொர்க்ஸ்டேஷனில் அதிகம் படுத்துவது என்விடியா குவாட்ரோ கார்டு. வாங்கிய காலத்தில் அதுதான் பெட்டியிலேயே விலை உயர்ந்த பாகமாக இருந்திருக்கும். இன்று அதுதான் சுமை. என்விடியா தன் டிரைவரைத் தலைமுறை வாரியாக நிறுத்திக்கொண்டே வருகிறது. குவாட்ரோ எஃப்எக்ஸ் 1800 போன்றவற்றுக்கு 340 வரிசையோடு முடிந்தது. குவாட்ரோ 600, 2000, 4000 ஆகியவற்றுக்கு 390. 'கே' எழுத்தில் தொடங்கும் கே2000, கே4000 ஆகியவற்றுக்கு 470. நிறுத்திய டிரைவர் புது கெர்னலோடு ஒட்டாது. அப்டேட் போட்ட மறுநாள் திரை வராமல் போவது இதனால்தான்.

நூவோ என்ற திறந்த டிரைவரில் டெஸ்க்டாப், பிரவுசர் எல்லாம் ஓடும். கனமான 3டி வேலையை எதிர்பார்க்க வேண்டாம். ஓபன்பிஎஸ்டி போடுவதாக இருந்தால் என்விடியாவைக் கழற்றிவிடுவதே நல்லது, அங்கே நூவோ இல்லை. பழைய ரேடியான் அல்லது ஃபயர்புரோ கார்டு ஒன்றைத் தேடிப் போடுங்கள். அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, ஓபன்பிஎஸ்டியிலும் உண்டு.

7. ரேம் வாங்கும்போது லேபிளில் எண்ணை ஒட்டி வரும் எழுத்தைப் படியுங்கள். பிசி3-10600 என்ற எண்ணை அடுத்து ஆங்கில 'ஆர்' இருந்தால் ரெஜிஸ்டர்டு, 'இ' இருந்தால் சாதாரண இசிசி. சர்வரிலிருந்து கழற்றிய 'ஆர்' ரேம் மலிவாகக் கிடைக்கும். எச்பி இசட்400 அதை ஏற்காது. இசட்600, இசட்800 ஏற்கும். இரண்டு வகையையும் ஒரே மெஷினில் கலந்து போட முடியாது. புது ரேம் போட்டதும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள்.

8. பயாஸில் சாட்டா 'ரெய்டு' என்று இருந்தால் 'ஏஎச்சிஐ'க்கு மாற்றிவிட்டுப் பிறகு நிறுவுங்கள்.

9. பயாஸ் பேட்டரியை (சிஆர்2032) வாங்கிய அன்றே மாற்றுங்கள். காய்கறிக் காசுதான். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். பிரவுசர் எந்த சைட்டைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை என்று அலறும். அப்டேட் போட்டால் இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். நெட்தான் கோளாறு என்று ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருப்போம்.

10. பழைய பயாஸ் மெஷினில் பூட் ஆகும் டிஸ்க் 2 டிபிக்குள் இருப்பது தொல்லையில்லாதது. அதற்கு மேற்பட்டதை டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம். இசட்800 போன்றவற்றில் இருக்கும் எல்எஸ்ஐ 1068இ எஸ்ஏஎஸ் போர்ட்டில் செருகினால் டேட்டா டிஸ்க்கும் 2 டிபிக்கு மேல் தெரியாது. சாதாரண சாட்டா போர்ட்டில் செருகுங்கள். என்விஎம்இ போட ஆசையென்றால் பிசிஐஇ அடாப்டரில் போடலாம். பயாஸுக்கு அது கண்ணில் படாது, லினக்ஸுக்குப் படும். பூட் பார்ட்டிஷனை மட்டும் சின்ன சாட்டா எஸ்எஸ்டியிலோ பென்டிரைவிலோ வைத்துவிட்டு, மற்றதெல்லாம் என்விஎம்இயில் இருக்கட்டும்.

11. எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸை அவசரப்பட்டுச் செருகாதீர்கள். பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்களில் கனெக்டர் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வயர் வரிசை மாறியிருக்கலாம். பின் வரிசையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் செருகினால் மதர்போர்டே போய்விடலாம்.

12. பிரிண்டர்: போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் பேசுவதாக இருந்தால் கவலையில்லை. கேனான் எல்பிபி2900 போல நிறுவனத்தின் சொந்த மொழி பேசுவது என்றால் தனி டிரைவரைத் தேட வேண்டும். பிஎஸ்டியில் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

13. அசல் யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன், அதாவது சன் அல்ட்ரா 5 போன்ற ஏதாவது அதிர்ஷ்டவசமாகக் கையில் சிக்கினால், ஸ்பார்க் 64 பிட் மெஷின்களுக்கு ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் உண்டு. அதைவிடப் பழைய 32 பிட் ஸ்பார்க்ஸ்டேஷனை 5.9 பதிப்போடு (2016) ஓபன்பிஎஸ்டி நிறுத்திவிட்டது, நெட்பிஎஸ்டிதான் கதி. மானிட்டர் ஒத்துவரவில்லை என்று மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். கீபோர்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் திரையில் வர வேண்டியதெல்லாம் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடும். 9600 வேகத்தில் லேப்டாப்பிலிருந்தே பார்த்து நிறுவலாம். இதில் பேட்டரி மதர்போர்டில் தனியாக இல்லை, என்விராம் சில்லுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அது தீர்ந்தால் மெஷின் தன் ஈதர்நெட் முகவரியையே மறந்துவிடும். முகவரி எண் சில்லின் மேலோ பெட்டியிலோ ஸ்டிக்கரில் இருந்தால் முதல் வேலையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

14. மின்சாரம். ஜியான் டபிள்யூ3500 வரிசையின் வெப்ப அளவே 130 வாட். வீட்டு சர்வராக இரவும் பகலும் ஓடவிட்டு, மெஷின் சும்மா இருக்கும்போதே 100 வாட் எடுத்தால், தினம் 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். வேலையில்லாத நேரத்தில் ஸ்லீப்பில் போடுங்கள், வேண்டும்போது வேக்-ஆன்-லேன் மூலம் எழுப்பிக்கொள்ளலாம். பயாஸில் அந்த அமைப்பை ஆன் செய்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஓடியே ஆக வேண்டிய வேலை என்றால் அதற்கு ஒரு சின்ன மினி பிசி போதும்.