பாடம் 9: ஒரு தீவும் ஒரு தீவு நாடும்

பிள்ளைகளே, இந்தப் பாடத்தைத் தொடங்க முன்னம் ஓர் உலகப் படத்தை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். பாடம் முழுக்க அது வேண்டும்.

1. நீங்கள் இருக்கும் தீவு

முதலில் மொன்றியலைத் தேடுங்கள். வடிவாகப் பாருங்கோ. அதைச் சுற்றி என்ன இருக்கிறது? தண்ணீர்! ஒரு பக்கம் சென் லோறன்ஸ் ஆறு, மறு பக்கம் இன்னோர் ஆறு. நாலு பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்துக்குத் தீவு என்று பெயர். ஆகவே மொன்றியல் ஒரு தீவு. "நான் லாவாலில் இருக்கிறேனே" என்று கேட்கிறீர்களா? அதுவும் தீவுதான். புறொசாட்டில் இருக்கும் பிள்ளைகளோ பாலம் கடந்துதான் இந்தத் தீவுக்கு வர வேண்டும்.

இனி விரலை இந்து சமுத்திரத்துக்குக் கொண்டு போங்கள். இந்தியாவின் தெற்கு முனைக்குப் பக்கத்தில், ஒரு துளி நீர் போன்ற வடிவத்தில் ஒரு நிலம் தெரிகிறதா? அதுதான் இலங்கை. உங்களில் பலருடைய அம்மம்மா, அப்பப்பா பிறந்த இடம்.

மொன்றியல் தீவு ஒரு நாட்டின் சிறு பகுதி. இலங்கை அப்படி அல்ல. அது முழுவதும் ஒரு நாடு. அப்படிப்பட்ட நாட்டைத் தீவு நாடு என்கிறோம். கனடாவில் இருந்து அமெரிக்காவுக்குக் காரில் போகலாம். இலங்கையில் இருந்து வேறு எந்த நாட்டுக்கும் காரில் போக முடியாது. அதன் எல்லை எல்லாப் பக்கமும் கடல்.

2. எவ்வளவு பெரியது?

மொன்றியல் தீவின் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். அதாவது மொன்றியலைப் போல ஏறத்தாழ 130 மடங்கு.

வடக்கே பருத்தித்துறையில் இருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளம். மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு! அகலமான இடத்தில் குறுக்கே 224 கிலோமீற்றர்.

மொன் றோயல் மலையில் ஏறியிருப்பீர்கள். அதன் உயரம் 233 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலை. அதன் உயரம் 2,524 மீற்றர். நடுவில் இருக்கும் இந்த மலைநாட்டில் இருந்துதான் ஆறுகள் நாலு பக்கமும் இறங்கி ஓடுகின்றன. மிக நீளமான ஆறு மகாவலி கங்கை. அது 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது.

3. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

மொன்றியலில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சென் லோறன்ஸ் ஆற்றில் இருந்து. எங்கள் தீவைச் சுற்றி இருப்பது நல்ல தண்ணீர்.

யாழ்ப்பாணத்தைச் சுற்றி இருப்பது உப்புக் கடல். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. அப்படியென்றால் மக்கள் எதைக் குடித்தார்கள்?

அம்மம்மாவிடம் கேட்டால் இப்படிச் சொல்லக் கூடும்: "எங்கட ஊரில ஆறு இல்லைப் பிள்ளை. கிணறுதான். கிணத்துத் தண்ணிதான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாத்துக்கும்."

அந்தத் தண்ணீர் மழையில் இருந்து வருகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கில் இருந்து காற்று வீசும். யாழ்ப்பாணத்தில் அதைச் சோளகம் என்பார்கள். அது தெற்குக்கும் மலைநாட்டுக்கும் மழை கொடுக்கும். வடக்குக்கு மழை குறைவு. ஒக்ரோபர் அளவில் வடக்கில் மாரி மழை தொடங்கும். அந்தச் சில மாத மழையை நிலம் குடித்து வைக்கும். யாழ்ப்பாணத்து மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதில் நிறையத் துளைகள், வெடிப்புகள். மழை நீர் அவற்றுக்குள் இறங்கித் தேங்கும். அதற்கும் கீழே கடலின் உப்பு நீர் இருக்கும். நல்ல நீர் பாரம் குறைந்தது. ஆகவே உப்பு நீரின் மேல் மிதக்கும்.

இங்கேதான் ஒரு கவனம் தேவை. கிணற்றில் அளவுக்கு மேல் அள்ளினால், கீழே இருக்கும் உப்பு நீர் மேலே ஏறிவிடும். கிணறு உவராகிவிடும். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் தண்ணீரை வீணாக்கினால் ஏசுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

4. கப்பலில் வந்த சொற்கள்

தீவு என்றால் தனியாக இருக்கும் இடம் என்று நினைக்கிறோம். ஆனால் பழைய காலத்தில் காட்டு வழியைவிடக் கடல் வழிதான் சுகம். அதனால் தீவுக்குப் பலரும் வந்தார்கள். இந்தியாவின் கரையும் இலங்கையின் கரையும் மிகவும் நெருங்கும் இடத்தில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம்தான். பாக்கு நீரிணை வழியாகத் தமிழரும் தமிழும் போய் வந்தது மிகப் பழைய கதை.

யாழ்ப்பாணத்தில் தமிழ் அரசு ஒன்று இருந்தது. அதன் தலைநகர் நல்லூர். தெற்கிலும் கண்டியிலும் சிங்கள அரசுகள் இருந்தன.

1505-இல் போர்த்துக்கேயர் கப்பலில் வந்தார்கள். 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தி யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1796-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1815-இல் கண்டியும் அவர்கள் கையில் போனது.

வந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய சொற்கள் நின்றுவிட்டன. அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். பாணுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்? சத்தமாகச் சொல்லிப் பாருங்கோ. அதுவும் பாணும் ஒரே லத்தீன் சொல்லில் பிறந்த சகோதரங்கள்!

அப்பப்பா, "நான் கந்தோருக்குப் போனனான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கந்தோர் என்றால் அலுவலகம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். பிரெஞ்சில் கடையில் காசு கொடுக்கும் மேசைக்கு என்ன சொல்வீர்கள்? அந்தச் சொல்தான் ஒல்லாந்துக்குப் போய், கொஞ்சம் மாறி, கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

ஆங்கிலேயர் மலைநாட்டில் முதலில் கோப்பி நட்டார்கள். 1867-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டில் இருந்து ஏழை மக்களைக் கூட்டி வந்தார்கள். இன்றைய மலையகத் தமிழர் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

5. ஒரு கடிதம், ஒரு மொழி

1948 பெப்ரவரி 4-ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. அப்போது அதன் பெயர் சிலோன். 1972-இல் சிறி லங்கா என்று மாற்றினார்கள். தமிழில் இலங்கை என்கிறோம். ஈழம் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர்.

ஆனால் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை. 1948-இல் வந்த ஒரு சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். அந்தப் பிரச்சினை முழுதாகத் தீர 2003 வரை சென்றது.

1956-இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்று சட்டம் வந்தது. இதை இப்படி யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அரசாங்கத்தில் இருந்து ஒரு கடிதம் வருகிறது. அதை அம்மாவாலும் வாசிக்க முடியவில்லை, அப்பாவாலும் வாசிக்க முடியவில்லை. பதில் எழுதவும் தெரியாது. அந்த மொழி தெரியாததால் வேலையும் கிடைக்காது. எப்படி இருக்கும்? மொன்றியலில் மொழியைப் பற்றிப் பெரியவர்கள் எவ்வளவு சூடாகப் பேசுகிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். மொழி சின்ன விசயம் இல்லை.

தமிழர் பல வருடம் அமைதியாகப் போராடினார்கள். தமிழும் அரச மொழி என்று 1987-இல்தான் சட்டம் சொன்னது. அதற்குள் நிறைய நடந்துவிட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் பழைய ஏடுகளும் சாம்பலாயின. 1983 யூலையில் கொழும்பிலும் வேறு இடங்களிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டார்கள். பிறகு நடந்த போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. எத்தனையோ பேர் உயிர் இழந்தார்கள். எத்தனையோ பேர் ஊரை விட்டு வெளியேறினார்கள்.

6. 1986: கடலில் இரண்டு படகுகள்

மீண்டும் படத்தைப் பாருங்கள். சென் லோறன்ஸ் ஆற்றின் மேல் விரலை வைத்துக் கிழக்கே இழுத்துக்கொண்டு போங்கள். ஆறு முடியும் இடத்தில் ஒரு வளைகுடா. அதற்கு அப்பால் நியூபவுண்ட்லாந்து. அதுவும் ஒரு தீவு.

1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள், அந்தத் தீவின் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் 155 தமிழர் நெருக்கியடித்து இருந்தார்கள். ஜேர்மனியில் இருந்து அவர்களை ஏற்றி வந்த கப்பல், நடுக்கடலில் இறக்கி விட்டுப் போய்விட்டது. சாப்பாடும் தண்ணீரும் போதவில்லை. எந்தப் பக்கம் கரை என்றும் தெரியவில்லை.

கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன் அவர்களைக் கண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் யார் என்றும் தெரியாது. ஆனால் கடலில் தவிப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது எந்த ஊர் மீனவருக்கும் தெரியும். அவர் மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். இங்கே தங்கி வேலை செய்யக் கனடா அரசு அவர்களுக்கு அனுமதி கொடுத்தது. அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள்.

அவர்களுக்கு முன்பும் பின்பும், வேறு வேறு வழிகளால் பல குடும்பங்கள் வந்தன. உங்கள் குடும்பம் எப்படி வந்தது? அது புத்தகத்தில் இல்லை. வீட்டில்தான் கேட்க வேண்டும். அதைத் தமிழில் கேட்டால் கதை இன்னும் நீளமாக வரும்.

புதிய சொற்கள்

நீரிணை – இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய கடல்
வளைகுடா – நிலத்துக்குள் வளைந்து வந்த கடல்
மாரி – மழைக்காலம்
உவர் – உப்புத் தன்மை
ஏடு – எழுதிய பனை ஓலை
அரச மொழி – அரசாங்க வேலைகள் நடக்கும் மொழி

பயிற்சி

1. மொன்றியலுக்கும் இலங்கைக்கும் உள்ள ஒரு ஒற்றுமையும் இரண்டு வேற்றுமைகளும் எழுதுங்கள்.
2. யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை அளவாக அள்ள வேண்டும். ஏன்? மூன்று வசனங்களில் எழுதுங்கள்.
3. வீட்டில் பேசும் சொற்களில் கப்பலில் வந்தவை எவை? இந்தப் பாடத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.
4. வீட்டில் வயதான ஒருவரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "உங்கட வீட்டுக் கிணறு எங்க இருந்தது? எந்த வருசம் வெளிக்கிட்டனீங்கள்? வரேக்க என்ன கொண்டு வந்தனீங்கள்?" அவர் சொல்வதை அப்படியே எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.