ஏ.சி. வாங்கும் முன் மெயின் போர்டைப் பார்ப்போம்

சென்ற கோடையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். நம் தெருக்களில் இன்னும் நிறைய இருக்கும் பழைய வீடுகளில் ஒன்று. நீளமான கூடம், நடுவே முற்றம், பின்கட்டில் கிணறு. சபரில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, வயதான உம்மாவின் அறையில் ஒன்றரை டன் ஏ.சி. மாட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு இரவில் அடிக்கடி ஃபியூஸ் போயிற்று. தெரிந்த பையன் ஒருவன் வந்து, ஃபியூஸ் கட்டையில் இருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியை இரண்டாக முறுக்கிக் கட்டிக் கொடுத்தான். அதன் பின் ஃபியூஸ் போகவேயில்லை. எட்டாம் நாள் விடியற்காலையில் மெயின் போர்டின் மரப்பலகை கருகிப் புகைந்தது. நாற்றத்தில் உம்மா விழித்துக்கொண்டார். பேரன் ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

"அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார் அந்த உம்மா. கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "ஃபியூஸ்தான் போகவே இல்லையே, பிறகு எப்படி எரிந்தது?"

ஃபியூஸ் போகாததால்தான் எரிந்தது. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு பதிலின் விளக்கமே.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஃபியூஸும், இன்று அதன் இடத்தில் வந்திருக்கும் எம்.சி.பி. சுவிட்சும் ஏ.சி.யையோ டி.வி.யையோ காப்பதற்காக வைக்கப்பட்டவை என்று பலரும் நினைக்கிறோம். அவை முதலில் காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை.

கம்பி வழியே மின்சாரம் போகும்போது கம்பி சூடாகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். சூடு ஏற ஏற, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை இளகி, காய்ந்து, உதிர்கிறது. அந்த நிலை வருமுன் தொடர்பைத் துண்டிப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. ஆகவே அது அடிக்கடி விழுந்தால், "இந்தக் கம்பி இவ்வளவு தாங்காது" என்று நமக்குச் சொல்கிறது. சொல்கிறவனை மாற்றிவிட்டால் செய்தி மாறிவிடாது.

வீட்டின் கணக்கைப் போடுவோம்

ஒரு தாளை எடுத்து வீட்டிலுள்ள மின்சாதனங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் வில்லையில் வாட் அளவு இருக்கும். ஒரு நடுத்தர வீட்டின் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

பல்புகள் பத்து – 100 வாட்
மின்விசிறி ஐந்து – 375
குளிர்சாதனப் பெட்டி – 200
டி.வி. – 100
மிக்சி – 750
கிரைண்டர் – 150
துணி துவைக்கும் இயந்திரம் – 400
இஸ்திரிப் பெட்டி – 1000
கீசர் – 2000
ஒன்றரை டன் ஏ.சி. – 1600
ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் – 1000

மொத்தம் 7675 வாட், அதாவது ஏழரை கிலோவாட்டுக்கும் மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது சரிதான். ஆனால் காலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். குளிக்க கீசர் ஓடுகிறது. மேல்தொட்டிக்கு மோட்டார் ஓடுகிறது. பள்ளிச் சீருடைக்கு இஸ்திரிப் பெட்டி. உம்மாவின் அறையில் ஏ.சி. இன்னும் நிறுத்தப்படவில்லை. விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி வழக்கம் போல. இவை மட்டும் 6275 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்: சுமார் 27 ஆம்பியர்.

அந்த வீட்டுக்கு இணைப்பு வாங்கியது பெரியவரின் வாப்பா காலத்தில். அன்று நான்கு பல்பு, இரண்டு விசிறி, ஒரு வானொலி. பதிவான மின்பளு 2 கிலோவாட். அதாவது 9 ஆம்பியர்கூட இல்லை. அந்த நாளைய கம்பியில், அந்த நாளைய பலகையில் 27 ஆம்பியரை ஏற்றினோம்.

கம்பிக்கு ஏற்ற காவல்

வீட்டு வயரிங்கில் இன்று பின்பற்றப்படும் வழக்கம் இது. விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. இஸ்திரிப் பெட்டி, மிக்சி செருகும் பெரிய பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர். அதற்கு 16 ஆம்பியர். ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர். மீட்டரிலிருந்து டி.பி. பெட்டிக்கு வரும் மெயின் கம்பி, வீட்டின் பளுவைப் பொறுத்து 6 அல்லது 10 சதுர மில்லிமீட்டர்.

இதில் மாறாத விதி ஒன்றே: எம்.சி.பி.யின் அளவு கம்பியின் தாங்கு திறனைத் தாண்டக் கூடாது. 10 ஆம்பியர் அடிக்கடி விழுகிறதென்று அதே 1.5 கம்பியில் 32 ஆம்பியரை மாட்டினால் என்ன ஆகும்? 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியர் வரை விழாமலே இருக்கும். 46 ஆம்பியர் ஓடினால்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதன் தயாரிப்பு அளவுகோல் அப்படி. அதற்குள் 1.5 கம்பி வெந்துவிடும். பெரிய எம்.சி.பி. வேண்டுமென்றால் முதலில் பெரிய கம்பி வேண்டும்.

இன்னொன்று, இணைப்பு முனைகள். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி இருக்கும். அதோடு புதிய செம்புக் கம்பியை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், நாளடைவில் அந்த இடம் அரித்து, தளர்ந்து, சூடாகும். தளர்ந்த திருகும் அப்படித்தான். நாம் பார்த்த வீட்டில் முதலில் கருகியது இப்படியொரு முனைதான்.

ஆளைக் காக்கும் கருவி

எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈரக் கையோடு கசியும் கீசரைத் தொட்டால் உடம்பு வழியே பாயும் மின்சாரம் ஓர் ஆம்பியர்கூட இராது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இதயத்தை நிறுத்த அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

இதற்காக உள்ளது ஆர்.சி.சி.பி. பேஸ் கம்பியில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அதாவது ஒரு 10 வாட் பல்பு இழுப்பதைவிடக் குறைவான கசிவிலும், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் தொடர்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள்; 100, 300 என்றும் விற்கிறார்கள், அவை ஆளைக் காப்பதற்கானவை அல்ல. அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டில் இதை மாட்டியதும் சில நேரம் நிற்காமல் விழும். பெரும்பாலும் காரணம், ஓர் அறையின் நியூட்ரல் இன்னோர் அறையோடு கலந்திருப்பது, இன்வெர்ட்டர் நியூட்ரல் பிரிக்கப்படாமல் இருப்பது, அல்லது எங்கோ உண்மையாகவே கசிவது. "இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது" என்று கருவியைக் கழற்றிவிடும் பணியாளரை ஏற்காதீர்கள். கலந்த கம்பியைத் தேடிப் பிரிப்பதே வேலை.

எர்த் இருக்கிறதா?

மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது. மேல் துளைக்குக் கம்பியே வராத வீடுகள் பல. இன்னும் சில இடங்களில் நியூட்ரலையே எர்த் துளையில் இணைத்து வைத்திருப்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், அப்போது கீசரின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறும். வீட்டுக்கென்று தனியாகக் குழி தோண்டி எர்த் போட்டு, அங்கிருந்து பச்சைக் கம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் வர வேண்டும். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி இருந்தால், கோடையில் அது காய்ந்து போகாமல் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கியதுமே ஆர்.சி.சி.பி. விழும், நாம் தொடும் வரை காத்திராது.

ஈ.பி. அலுவலகத்தில் செய்ய வேண்டியது

மீட்டர் வரை உள்ளது மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் உள்ளது நம் பொறுப்பு. மீட்டர் முத்திரையை நாமோ நம் பணியாளரோ தொடக் கூடாது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பி மெலிந்தது என்றாலும் அவர்களே மாற்ற வேண்டும்.

2024 முதல் இந்த வேலைகளைப் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். அதன் இணையதளத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கலாம். நாலு கிலோவாட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு மும்முனை இணைப்பாக மாற்றிக் கேட்பதே வழக்கம். கட்டணம், காப்புத்தொகை கட்டிய பின் மீட்டரும் சர்வீஸ் கம்பியும் மாற்றப்படும்.

பளுவைக் கூட்டினால் மாதாமாதம் பில் ஏறிவிடும் என்று அஞ்சிப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. பில் நாம் செலவழிக்கும் யூனிட்டுக்குத்தான்.

நம் தெருக்களில் அடிக்கடி வரும் தடை வேறு. இணைப்பு இன்னும் மவுத்தான பாட்டனார் பெயரில் இருக்கும். வாரிசுகள் நால்வர் நான்கு ஊரில். ஆகவே முதலில் பெயர் மாற்றம். அதற்கு வாரிசுச் சான்றும் மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். எல்லோரும் பெருநாளுக்கு ஊர் வரும்போது இந்தக் கையெழுத்துகளை முடித்துக்கொள்வது நல்லது. வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளர் வழியாகவே போக வேண்டும். சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும் மின்னகம் எண் 94987 94987.

மும்முனை வந்த பின்

மூன்று பேஸிலும் பளுவைப் பிரித்துப் போட வேண்டும். ஏ.சி., கீசர், மோட்டார் மூன்றையும் ஒரே பேஸில் மாட்டினால் மும்முனை வாங்கியும் பயனில்லை. நியூட்ரலில் ஃபியூஸ் வைக்கவே கூடாது. அதன் திருகு நன்றாக இறுகியிருக்க வேண்டும். மும்முனையில் நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்கான டி.வி.க்கும் பல்புக்கும் 400 வோல்ட்டை நெருங்கி வந்து சேரலாம். ஒரே நிமிடத்தில் வீட்டுச் சாமான்கள் போய்விடும்.

ஒரே தடவையில் முடியாவிட்டால்

செலவு பெரிதென்று எதையும் செய்யாமல் விட்டுவிட வேண்டாம். வரிசையாகச் செய்யலாம். முதலில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும். இரண்டாவது, ஃபியூஸ் கட்டைகளையும் மரப்பலகையையும் எடுத்துவிட்டு எம்.சி.பி. கொண்ட டி.பி. பெட்டி. மூன்றாவது, கீசருக்கும் ஏ.சி.க்கும் தனிக் கம்பி. நான்காவது கூடுதல் மின்பளு. இது முடியும் வரை கீசரும் ஏ.சி.யும் மோட்டாரும் ஒன்றாக ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே கொடுங்கள்.

போர்டில் புகை கண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எட்ட முடிந்தால் மெயினை இறக்கி, எல்லோரையும் வெளியே அழைத்து வந்து 101-ஐ அழையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்பது வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் அதிக நேரம் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

இந்த வாரம் வீட்டில் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டுக்குப் பதிவான மின்பளு எத்தனை கிலோவாட்? காலை ஏழு மணிக்கு உண்மையில் ஓடுவது எவ்வளவு?
2. ஏ.சி., கீசர் கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்? அதன் எம்.சி.பி. எத்தனை ஆம்பியர்?
3. ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? பொத்தானை அழுத்தினால் விழுகிறதா?
4. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?
5. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

அந்த உம்மாவின் வீட்டில் இப்போது பலகை போய் இரும்பு டி.பி. பெட்டி வந்திருக்கிறது. ஏ.சி.க்குத் தனிக் கம்பி. பெயர் மாற்றத்துக்கு நான்கு பிள்ளைகளும் கையெழுத்திட்டுவிட்டார்கள். மகன் சபரிலிருந்து பேசியபோது, "ஏ.சி.க்குப் பணம் அனுப்பும்போதே இதற்கும் சேர்த்து அனுப்பியிருப்பேனே, யாரும் சொல்லவில்லையே" என்று வருந்தினார். வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பிவையுங்கள். அவர்கள் அடுத்த ஏ.சி.க்குப் பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது.