பாட்டு வாத்தியாராகப் போகும் தம்பிக்கு

நெய்வேலி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சிதம்பரத்தில் இசைப் படிப்பை முடித்துவிட்டாய். நம் நகரியத்திலேயே ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை வருகிறது. போனால் மேடை கைநழுவிவிடுமோ, நாளைக்குக் குடும்பம் என்று ஆனால் இந்தச் சம்பளம் காணுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் நியாயமான கேள்விகள்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். 2012இல் தமிழக அரசு தன் பள்ளிகளுக்கு இசை, ஓவியம், தையல், உடற்கல்வி என்று பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். தனியார் பள்ளிகளில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். ஆகவே சேரும் முன்பே சம்பளம் எவ்வளவு, பிடித்தம் என்ன, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். கலைக்காரன் காசு பேசக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் வகுப்பில் குரல் எழும்பும்.

மேடைக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட நெய்வேலி சந்தானகோபாலன் 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். நமக்கெல்லாம் பெருமைதான். அப்படி ஒருவர் பாட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டுமே, அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? சுருதி சேர்ந்திருக்கிறது, தாளம் தப்பியது என்று உணர்கிற காது தானாக முளைப்பதில்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் பழக்க வேண்டும். உனக்கு வந்திருக்கும் வேலை அதுதான்.

ஆபிரகாம் பண்டிதரைத் தேர்வுக்குப் படித்திருப்பாய். சுருதி இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்ற வாதம் ஞாபகம் இருக்கும். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கேயே வாத்தியாரானார். பாட்டும் அந்த ஊரில்தான் கற்றார். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்கு வந்து ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். அவர் தலைமையாசிரியர். பிறகு சித்த மருத்துவம் இழுத்துக்கொள்ள, பள்ளியை விட்டார். மருத்துவத்தில் வந்த பணம் இசைக்குப் போனது. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சைக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தியதெல்லாம் சொந்தக் காசில்.

பள்ளியை விட்டாரே தவிர, வாத்தியார் என்ற நினைப்பை அவர் விடவில்லை. பாட்டுப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளை, புரியாத மொழியில் பொருள் தெரியாமல் கீதங்களை உருப்போட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகத் தானே தமிழில் கீதங்களும் கீர்த்தனைகளும் எழுதினார். சுரமும் தாளமும் குறித்து, 1907இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று அச்சிட்டார். பத்து வருஷம் கழித்து வந்த ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட பெருநூல். ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டாடட்டும். எனக்கு அந்தச் சின்னத் திரட்டின் மேல்தான் மதிப்பு அதிகம். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பாடம் எழுதிய ஒரு வாத்தியார் அதில் இருக்கிறார்.

இன்னொன்றும் கவனி. 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பண்டிதர் தன் சுருதிக் கணக்கைக் கட்டுரையாக வாசித்ததோடு நிறுத்தவில்லை. மகள் மரகதவல்லி உள்ளிட்ட அவர் வீட்டுப் பெண்கள் சபையில் இசைத்தே அதை விளக்கிக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் சபையேறத் தயங்கிய காலம் அது. மகன் வரகுண பாண்டியன் பின்னாளில் யாழைப் பற்றி நூல் எழுதினார். குடும்பத்தைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுக் கலையை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டவர்களை நாம் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டோம். பண்டிதரைப் பார்த்தால், குடும்பத்தை அப்படி வெளியே வைக்கத் தேவையே இல்லை என்று தெரிகிறது. உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால், சாயங்கால டியூஷனுக்கு வரும் பிள்ளைகளோடு உன் பிள்ளையையும் உட்கார வை. டியூஷனை ஏழு மணிக்கு முடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு.

இனி வகுப்பு. முதல் நாளே சரளி வரிசையில் ஆரம்பிக்காதே. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஒன்று இருக்கிறது: தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடல், எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டு, மோகன ராகம். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, ஐம்பத்தைந்து வினாடிகளில், மூன்று மூன்றாக எண்ணும் திசிரத்தில் பாட வேண்டும் என்று அரசு வகுத்தது. விழாக்களில் ஒலிநாடாவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பயிற்சியைக் கொடுக்கப் போகிறவன் நீதான்.

காலை வணக்கத்தில் தினமும் பாடுகிறார்கள். ஆனால் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள், சிலர் கத்துவார்கள். காரணம் பெரும்பாலும் சுருதிதான். ஆண் வாத்தியார் தனக்கு வசதியான ஒரு கட்டையில் ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை வேண்டும். நீ அவர்கள் சுருதிக்கு ஏறு. முடியாத இடத்தில் சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, ஒரு பெண்ணைப் பாடச் சொல்லி நீ கேள். பிறகு மேசையில் விரலால் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல். தாளம் பிடிபட்டதும் இந்தப் பாட்டின் ராகத்தில் எத்தனை சுரம் என்று கேள். ச, ரி, க, ப, த. மத்தியமமும் நிஷாதமும் இல்லை. தினமும் பாடிய பாட்டுக்குள் ஐந்தே சுரங்கள் இருக்கின்றன என்று தெரியும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் விரிவதைப் பார்ப்பாய். அதன் பிறகு சரளி வரிசைக்கு அவர்களே வருவார்கள்.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும். அவர்களைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்கவும் விடாதே, நீயும் அவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்காதே. தாளம் போடச் சொல், கஞ்சிரா கொடு. ஒரு வருஷம் பொறு, குரல் நிலைத்துவிடும். அந்த ஒரு வருஷத்தில் அவமானப்பட்டவன் பிறகு ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டான்.

ஆண்டு விழா வரும்போது நல்ல குரல் எட்டுப் பேரைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவர்களை வாயை மட்டும் அசைக்கச் சொல்கிற வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதை ஒருநாளும் செய்யாதே. மற்ற நாற்பது பேருக்கும்தான் உனக்குச் சம்பளம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் நேரு வந்து வெட்டத் தொடங்கி வைத்த சுரங்கத்தில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. நைட் ஷிப்டு முடித்து வந்த அப்பா பகலில் தூங்கும் வீட்டில் பிள்ளை எப்படிச் சாதகம் செய்யும்? சாதகம் செய்யவில்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டாதே. காலையில் மணி அடிப்பதற்கு முன் கால் மணி நேரம் பாட்டு அறையைத் திறந்து வை. உன் வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளை, மலையாளப் பிள்ளை, வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவரின் பிள்ளை எல்லாம் இருக்கும். அவர்கள் வீட்டுத் தாலாட்டை, கும்மியைப் பாடச் சொல்லி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடு. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த நடவுப் பாட்டும் அந்த வரிசையில் வர வேண்டும்.

வேலையில் சேர். சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிடு. ஜனவரி பிறந்துவிட்டால் பாட்டு பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்பார்கள். பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்புக்கு வேண்டுமானால் விட்டுக்கொடு. ஆறு, ஏழு, எட்டில் ஒரு பீரியடைக்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் வாத்தியார்